ஒரு ராத்திரித் துரைகள்

எங்கள் பக்கம் 'சயாம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. தாத்தா சொன்னால் ஒன்று, பேரன் சொன்னால் வேறொன்று.

தாத்தா தலைமுறை அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். 'சயாமுக்குப் போனவன்' என்றால் திரும்பி வராதவன். ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனவன். அதே சொல்லை எங்கள் லயத்து அண்ணன்மார்கள் சொல்லும்போது ஒரு கண் சிமிட்டல் கூடவே வரும். 'மச்சான் சயாமுக்குப் போய்ட்டு வந்திருக்கான்' என்று ஒருவர் ஆரம்பித்தால் சுற்றி இருக்கும் பத்துப் பேரும் சிரிப்பார்கள். பொம்பளைகள் பேச்சை மாற்றுவார்கள். சின்னப் பையன்களை 'போய் விளையாடுங்கடா' என்று விரட்டுவார்கள். விரட்டப்பட்ட பையன்களில் நானும் ஒருவன்.

முதல் சயாமை நம் இலக்கியம் எழுதிவிட்டது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் நம் கையில் இருக்கின்றன. இரண்டாவது சயாமைப் பற்றி, நான் வாசித்த மலேசியத் தமிழ்ப் புனைவில், சிரிப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு வரி நக்கல், குடிகாரப் பாத்திரத்தின் ஒரு வசனம், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான நம் ஆண்கள் பல பத்தாண்டுகளாகப் போய்வந்த ஓர் இடம் கதைக்குள் வரவே இல்லையென்றால், அது தற்செயலாக நடந்திருக்காது.

சுங்கை லாலாங்கில் வேன் ஏறினால் புக்கிட் காயு ஹீத்தாம் ஒரு மணி நேரச் சொச்சம். அந்தப் பக்கம் இறங்கியதும் டானோக். இன்னும் அறுபது கிலோமீட்டர் போனால் ஹட்யாய். கெடாக்காரர்களுக்கு எல்லைப் பாஸ் இருந்தால் போதும், பாஸ்போர்ட்கூட வேண்டாம். எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். 'ஒரு மணி நேரம் போனஸ்' என்று அண்ணன்மார்கள் சொல்வார்கள். சம்பளம் போட்ட வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், வேனில் இடம் கிடைக்காது. 'கோயிலுக்குப் போறோம்', 'சாமான் வாங்கப் போறோம்' என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது சாமானும் இருக்கும். பிள்ளைக்கு ஒரு சட்டை, அம்மாவுக்குத் தைலம், பொண்டாட்டிக்கு ஒரு கைப்பை.

டானோக்கை நாம் நம் வசதிக்காகத் தனியாக முளைத்த ஊர் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேசினால் ஒழுக்கப் பாடமாகத்தான் முடியும்.

1960-இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதே 1960-இல்தான் பாலியல் தொழிலைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ஆறே வருடத்தில், 1966-இல், 'கேளிக்கை இடங்கள்' சட்டம் வந்தது. மதுக்கூடம், நடனக்கூடம், மசாஜ் நிலையம் எல்லாவற்றுக்கும் உரிமம். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பக்கவாசலுக்குச் சாவி கொடுத்த கதை. 1967-இல் வியட்நாமில் சண்டை போடும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வர ஒப்பந்தம் ஆனது. உச்சத்தில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் அமெரிக்கப் படையினர் தாய்லாந்திலேயே முகாமிட்டிருந்தார்கள், கோராட், உடோன், உத்தபாவ் என்று. மீன்பிடி கிராமமாக இருந்த பட்டாயா அவர்களுக்காக மாறியது. பேங்காக்கின் பட்போங் தெருவில் மதுக்கூடங்கள் வரிசை கட்டின.

1976-க்குள் சிப்பாய்கள் போய்விட்டார்கள். கட்டில், விளக்கு, மேடை எல்லாம் அப்படியே நின்றன. அவற்றை நிரப்ப வேறு ஆட்கள் வேண்டும். ஐரோப்பியர், ஜப்பானியர், அரபு நாட்டவர் என்று விமானம் விமானமாக வந்தார்கள். 1977-இல் ஒரு முன்னாள் அமெரிக்க விமானப்படை ஆள் திறந்த மதுக்கூடத்தால் ஒரு சந்துக்கு 'சோய் கவ்பாய்' என்றே பெயர் வந்தது. 1987-ஐ 'தாய்லாந்துக்கு வாருங்கள்' ஆண்டாக அரசாங்கமே கொண்டாடியது. அந்த ஆண்டு வந்தவர்கள் ஏறத்தாழ 35 லட்சம். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1984-இல், புக்கெட்டில் ஒரு விபச்சார விடுதி தீப்பிடித்தது. பூட்டிய அறைக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்த இளம் பெண்கள் ஐந்து பேர் கருகிச் செத்துப்போனார்கள். அதே 1984-இல்தான் பேங்காக் ராத்திரியைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பாட்டு உலகம் முழுக்க ஹிட் ஆனது. தாய்லாந்து அந்தப் பாட்டைத் தடை செய்தது. பாட்டைத் தடை செய்வது சுலபம்.

தெற்கே இந்தக் கதைக்கு வாடிக்கையாளர்கள் வேறு. ஹட்யாய், டானோக், சுங்கை கோலோக், பெத்தோங், இந்த நான்கு ஊருக்கும் அமெரிக்கச் சிப்பாய் முக்கியமில்லை. வந்தவர்கள் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன ஆண்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர்கள். பட்போங்கைக் கட்டியது டாலர் என்றால் டானோக்கைக் கட்டியது ரிங்கிட். இதை நாம் சொல்லிக்கொள்வதே இல்லை. வெள்ளைக்காரன் பட்டாயாவுக்குப் போனால் அதைச் சுரண்டல் என்று கட்டுரை எழுதத் தெரிகிறது. நம் ஆள் டானோக்குக்குப் போனால் அது 'ஜாலி'.

1990களில் ஒரு ரிங்கிட்டுக்கு ஏறத்தாழ பத்து பாட் கிடைத்தது. தோட்டத்தில் நாள்கூலி வாங்கும் ஒருவன், கிராணியைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கும் ஒருவன், எல்லையைத் தாண்டியதும் நோட்டுக் கத்தையோடு நிற்கிறான். அவனைப் பார்த்து ஒரு பெண் கைகூப்புகிறாள். ஒருவர் கதவைத் திறந்துவிடுகிறார். 'பாஸ்' என்று கூப்பிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க யாருக்கோ 'சரிங்க துரை' சொன்னவன் அந்த ராத்திரி துரை ஆகிறான். அவன் அங்கே வாங்கப் போனது உடம்பை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கைகூப்பலையும் சேர்த்துத்தான் வாங்கினான்.

இதைச் சொல்வது அவனுக்கு வக்காலத்து வாங்க இல்லை. இங்கேதான் நம் இலக்கியம் தயங்குகிறது என்று நினைக்கிறேன். நம் தோட்டக் கதைகளில் தொழிலாளி எப்போதும் பாதிக்கப்பட்டவன். கங்காணி அடிப்பான், துரை ஏய்ப்பான், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பார்கள், லயத்தை விட்டுத் துரத்துவார்கள். எல்லாம் உண்மை. அந்த உண்மைக்குப் பழகிப்போன நாம், அதே தொழிலாளி இன்னொரு நாட்டில் இன்னொரு ஏழைக்கு முன்னால் துரையாக நிற்கும் காட்சியை எழுதக் கூச்சப்படுகிறோம். எழுதினால் நம் ஆளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்ற பயம். பாதிக்கப்பட்டவன் இன்னொருவரைப் பாதிக்கவும் முடியும் என்று ஒப்புக்கொள்ளாத இலக்கியம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

வெளியே இதை எப்படி எழுதியிருக்கிறார்கள்? மூன்று படைப்புகளைச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியர் டென்னிஸ் ஓ'ரூர்க் எடுத்த 'தி குட் வுமன் ஆஃப் பேங்காக்' (1991). மணவாழ்க்கை முறிந்த ஓர் இயக்குநர் பேங்காக் வந்து, ஒரு பெண்ணுக்குக் காசு கொடுத்து அவளோடு இருந்துகொண்டே அவளைப் படம் எடுக்கிறார். கடைசியில் அவளுக்கு நெல் வயல் வாங்கிக் கொடுக்கிறார். ஒரு வருடம் கழித்து வந்து பார்த்தால் அவள் மறுபடியும் பேங்காக்கில் அதே தொழிலில். தன்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் துணிச்சல் அந்தப் படத்தில் இருக்கிறது. ஆனால் கூண்டும் அவருடையது, கேமராவும் அவருடையது. அவள் ஏன் திரும்பிப் போனாள் என்பதைவிட, அவள் திரும்பிப் போனதில் அவருக்கு என்ன வலி என்பதுதான் நம் மனதில் நிற்கிறது.

மிஷேல் வெல்பெக்கின் பிரெஞ்சு நாவல் 'பிளாட்ஃபார்ம்' (2001). பணம் இருந்தும் சுகம் இல்லாத மேற்கு, சுகம் தர ஆள் இருந்தும் பணம் இல்லாத கிழக்கு, இரண்டையும் இணைத்தால் நல்ல வியாபாரம் என்று கணக்குப் போடும் பாத்திரங்கள். அந்தக் கணக்கின் குரூரத்தை ஒளிக்காமல் எழுதுகிறார். நாவல் தாய்லாந்து விடுதியில் நடக்கும் ஒரு பயங்கரவாதத் தாக்குதலில் உடைகிறது. படித்து முடித்தபோது எனக்கு அந்த ஐரோப்பியனின் வெறுமை நன்றாகத் தெரிந்தது. தாய்ப் பெண் ஒருத்தியின் முகம்கூட நினைவில் இல்லை.

மூன்றாவது, ரத்தாவுத் லாப்சரோன்சாப்பின் 'சைட்சீயிங்' (2005) தொகுப்பில் வரும் 'ஃபராங்ஸ்' கதை. ஆங்கிலத்தில் எழுதும் தாய்லாந்துக்காரர். கதை சொல்பவன் கடற்கரையில் சின்ன விடுதி நடத்தும் ஒரு தாயின் மகன். அப்பா அமெரிக்கச் சிப்பாய், விட்டுப்போனவர். அவர் கொடுத்த பன்றிக்குட்டிக்குப் பெயர் கிளின்ட் ஈஸ்ட்வுட். பையன் வருகிற வெள்ளைக்காரப் பெண்கள்மீது ஒவ்வொரு முறையும் காதலில் விழுகிறான், அம்மா திட்டுகிறாள். கதை முழுக்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தத் தடவை பார்ப்பவர்கள் அவர்கள், பார்க்கப்படுபவர்கள் பயணிகள். தாங்கள் எத்தனை பரிதாபமாகவும் அபத்தமாகவும் தெரிகிறோம் என்று பயணிகளுக்குத் தெரியவே தெரியாது. பாவம் காட்டாமல், கோஷம் போடாமல், பார்வையைத் திருப்பி வைத்ததிலேயே கதை ஜெயிக்கிறது.

இந்த மூன்றில் ஒன்றுகூட டானோக்குக்குப் பொருந்தாது. ஓ'ரூர்க்கும் வெல்பெக்கும் காட்டும் ஆண் வசதியுள்ள வெள்ளைக்காரன். அவன் விமானத்தில் வருகிறான். நம் ஆள் வேனில் போகிறான், மறுநாள் காலை அல்லது அதற்கு மறுநாள் வேலைக்கு நிற்க வேண்டும். அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மிகக் குறைவு. கதை அந்தக் குறைந்த தூரத்தில்தான் இருக்கிறது. அதை வெளியிலிருந்து யாரும் வந்து எழுதித் தர மாட்டார்கள்.

பழைய கணக்கும் ஒன்று இருக்கிறது. 1909 வரை கெடா சயாமுக்குக் கப்பம் கட்டிய நாடு. அந்த வருட ஒப்பந்தத்தில்தான் வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. 1943-இல் ஜப்பான்காரன் கெடாவையும் பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவையும் மறுபடி தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தான். 1945 வரை எங்கள் தோட்டங்கள் தாய்லாந்துக் கொடியின் கீழ் இருந்தன. அதற்குச் சற்று முன்னால்தான் அதே தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட அனுப்பினார்கள். செத்துப்போன நேசப்படைக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த ஆசியக் கூலிகளுக்கு, நம் ஆட்களையும் சேர்த்து, அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் கிடையாது.

1957-இல் டேவிட் லீன் எடுத்த படம் வந்தது. படத்தைப் பிடித்தது தாய்லாந்தில் அல்ல, இலங்கையில். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'குவாய் நதி எங்கே' என்று கேட்டார்கள். பாலம் நின்ற ஆற்றின் பெயரோ மே குளோங். 1960 வாக்கில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். இன்று அந்தக் கரையில் முதுகுப்பைப் பயணிகளுக்கான மதுக்கூடங்கள். ஆற்றிலே மிதக்கும் தெப்பங்களில் டிஸ்கோ. நம் தாத்தாக்கள் காலராவில் விழுந்த ஊரில் ராத்திரி முழுக்கப் பாட்டு. நான் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை, அங்கே வாழ்கிறவர்களுக்கு வயிறு இருக்கிறது. ஆனால் நம் இரண்டு சயாமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூலியாகப் போனவன் பேரன் வாடிக்கையாளனாகப் போகிறான். நடுவில் ஐம்பது வருடம்தான்.

இரண்டாவது சயாமுக்கும் சாவு உண்டு. 1980களின் கடைசியில் எய்ட்ஸ் தாய்லாந்தை உலுக்கியது. மெச்சாய் விரவைதியா போன்றவர்கள் வெட்கத்தை உடைத்து ஆணுறையைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார்கள். 1991-இல் விடுதிகளில் நூறு சதவீதம் ஆணுறை என்ற திட்டம் நாடு முழுக்க வந்தது. அந்த நாட்டில் அமைச்சரே மேடையில் பேசிய விஷயத்தை எங்கள் லயத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வரிசையில் ஒருவர் மெலிந்து மெலிந்து இறந்தார். 'டிபி' என்றார்கள். சாவு வீட்டுப் பின்கட்டில் ஒரு கிழவி 'சயாம் சீக்கு' என்று முணுமுணுத்தது மட்டும் எனக்குக் கேட்டது. அவர் மனைவி அடுத்த வாரம் வழக்கம்போல மரம் சீவப் போனார். அவருக்கு என்ன ஆனது, சோதனை செய்தாரா, பயந்தாரா, யாரையாவது சபித்தாரா? ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். முப்பது வயதிலும் கேட்கவில்லையே.

நம் சிரிப்பு மூடி மறைத்தது இரண்டு பெண்களை. டானோக்கில் இருப்பவளை ஒரு பொருளாக்கிவிட்டது. வீட்டில் இருப்பவளை இல்லாமலே ஆக்கிவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண்களாவது தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 1985-இல் பட்போங்கில் தொடங்கிய 'எம்பவர்' அமைப்பு பாலியல் தொழிலாளிகளுக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுப்பதில் ஆரம்பித்து, அவர்களே தங்கள் உரிமையைப் பேசும் இடமாக வளர்ந்தது. எங்களை மீட்க வேண்டாம், எங்கள் வேலையை வேலையாக மதியுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அதோடு உடன்படாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பேசுகிறார்கள். லயத்து மனைவிக்கு அப்படி ஒரு மேடை எங்கே இருந்தது?

இப்போது இதை வாசிக்கும் நீங்கள், 'அண்ணே, அதெல்லாம் அப்பா காலத்துக் கதை' என்று சொல்லலாம். பாதி சரி. 2000களில் தெற்கில் கலவரம் மூண்டது. 2012 மார்ச்சில் ஹட்யாயின் நடு மையத்தில் ஒரு ஹோட்டலில் குண்டு வெடித்தது, 2013 டிசம்பரில் சடாவ் பக்கம் வெடித்தது. கூட்டம் குறைந்தது, மறுபடி ஏறியது. 2020 மார்ச்சில் எல்லை மூடியபோது டானோக் பேய் ஊரானது. 2022 ஏப்ரலில் திறந்தபோது வேன்கள் திரும்பின. 2024-இல் தாய்லாந்துக்குப் போன மலேசியர்கள் ஏறத்தாழ 50 லட்சம். இதில் பெரும்பாலோர் குடும்பத்தோடு போகிறவர்கள். கிளோங் ஹே மிதவைச் சந்தை, பேரங்காடி, கஃபே, சொங்கிரான் தண்ணீர்த் திருவிழா. ரிங்கிட்டுக்கு இப்போது ஏழு, எட்டு பாட்தான். துரையின் சம்பளம் குறைந்துவிட்டது.

ஆனால் பார்வை குறைந்ததா? டிக்டாக்கில் நம் தம்பிகள் போடும் காணொளிகளைப் பாருங்கள். பட்டாயாவின் நடைத்தெருவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். வாசலில் நிற்கும் பெண்களின் முகம் அவர்களைக் கேட்காமலே திரையில். மேலே சிரிக்கும் எமோஜி, கீழே 'வேற லெவல் மச்சி'. அப்பா வேனில் போய் ரகசியமாகச் செய்ததை மகன் காசு கொடுக்காமலே ஊருக்குக் காட்டுகிறான். அப்பாவிடம் குறைந்தது ஒரு வெட்கம் இருந்தது. தமிழ் சினிமாவும் பேங்காக் என்றாலே மசாஜ் காமெடி என்ற பாட்டையை இன்னும் விடவில்லை. அந்தச் சிரிப்புதான் லயத்திலிருந்து தியேட்டருக்கும், தியேட்டரிலிருந்து கைப்பேசிக்கும் வந்திருக்கிறது.

அதனால் எழுத நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்லவன் கெட்டவன் தீர்ப்பு எழுதாதீர்கள், அது கோயில் கமிட்டியே செய்துவிடும். பாவப்பட்ட விலைமாது கதையும் வேண்டாம், அதைத் தமிழில் போதுமான அளவு எழுதிவிட்டோம். அந்த வேனுக்குள் இருந்தவர்களின் பேச்சை எழுதுங்கள். திரும்பி வரும்போது ஏன் ஒருவரும் பேசவில்லை என்பதை எழுதுங்கள். கைப்பையை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு ஒருநாளும் தோளில் மாட்டாத ஒரு மனைவியை எழுதுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், இப்போது உயிரோடு இல்லை, எனக்கு ஒரு முறை சொன்னார். டானோக்கில் ஒரு பெண் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாளாம். உளி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடத்தைத் தடவினாளாம். பிறகு தன் கையை மடக்கி, மரத்தைச் சீவுவதுபோல மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டி, 'பா' என்றாளாம். அவள் பாஷையில் அப்பா என்று அர்த்தம் என்று அண்ணனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவளுடைய அப்பாவும் மரம் சீவுகிறவர். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கித்தா மரம்தான்.

"அப்புறம் என்னண்ணே பண்ணீங்க?"

"என்ன பண்றது தம்பி. காசக் குடுத்துட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன். வேன் வர்ற வரைக்கும்."

மற்ற கதைகளையெல்லாம் அண்ணன் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார், பத்துத் தடவையும் நாங்கள் சிரித்திருக்கிறோம். இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நம் இலக்கியம் அந்த இடத்தில் ஆரம்பித்தால் போதும்.